அடிக்குறிப்பு இல்லாத ஒரு வரி

அவரிடம் யாரும் எதையும் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. "எங்க எழுதியிருக்கு?" என்பார். குரலை உயர்த்த மாட்டார், முகம் சுளிக்க மாட்டார். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பவர் மாதிரி சாதாரணமாகக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே பலபேர் அவரிடம் வானிலையைப் பற்றி மட்டும் பேசினார்கள். அதிலும் சில சமயம் மாட்டிக்கொண்டார்கள்.

சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. வாசலில் 'மூன்று தலைமுறைப் பாரம்பரியம்' என்று பெரிய பலகை. இவர் கைகழுவிவிட்டு வந்து நேராகக் கல்லாவுக்குப் போய், "மூணு தலைமுறைன்னு எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டார். முதலாளி பலகையைக் காட்டினார். "அது நீங்க எழுதினது. நான் கேக்கிறது வேற" என்றார் இவர். முதலாளிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஒரு வாரம் வீட்டு அலமாரியைக் குடைந்து, தாத்தா பெயரில் இருந்த பழைய உரிமத்தைக் கண்டுபிடித்து, சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினார். அதற்குப் பிறகு வருகிறவர்கள் எல்லாம் அதைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். சாருக்கு மட்டும் அந்தக் கடையில் ரசம் இரண்டு தரம் வரும்.

சார் என்றுதான் நான் அவரைக் கூப்பிட்டேன். எனக்கு அவர் பாடம் எடுத்ததில்லை. நான் ஆங் மோ கியோவில் வீட்டிலிருந்தபடியே தமிழ்ப் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவள். அவர் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க வரலாறு சொல்லிக்கொடுத்தவர். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் வாக்குரிமைக்காகப் போராடியதும், அந்தப் போராட்டத்தால் அங்கே இருக்கிற இரண்டு பெரிய கட்சிகளும் தலைகீழாகப் புரண்டதும்தான் அவர் வாழ்நாள் ஆராய்ச்சி. ஆங்கிலத்தில் நிறைய எழுதியிருந்தார். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் அதையெல்லாம் சுருக்கித் தமிழில் ஒரு புத்தகம் எழுத உட்கார்ந்தார். அப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தார்.

முதல் சந்திப்பே சண்டை. அவர் எழுதிய ஒரு சொல்லை நான் அடித்துத் திருத்தியிருந்தேன். "எங்க எழுதியிருக்கு?" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. இருபது வருடமாக இதே வேலை செய்கிறேன், என்னிடமா! உள்ளே போய் அகராதியைத் தூக்கி வந்து அவர் மடியிலேயே வைத்தேன். நிதானமாகப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க சொன்னது சரி. இந்தப் புத்தகத்துக்கு அடைவும் நீங்களே போடுங்க" என்றார். புத்தகத்தின் கடைசியில், எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அகர வரிசையில் பட்டியல் போடுவார்களே, அதுதான் அடைவு. தமிழ்ப் புத்தகத்துக்கு அதெல்லாம் யார் சார் போடுகிறார்கள் என்றேன். "அதனாலதான் யாரும் மாட்டிக்கிறதில்ல" என்றார்.

அந்த இரண்டு கட்சிகள் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. யானைச் சின்னம் ஒன்று, கழுதைச் சின்னம் ஒன்று என்பதோடு சரி. ஒருநாள் ஃபேரர் பார்க்கில் அவர் வீட்டுக்குக் கீழே இருந்த கோப்பிக்கடையில் உட்கார்ந்து கேட்டேன். அடிமைகளை விடுவித்த கட்சி யானைதான் என்று முதல் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறீர்கள், பிறகு எப்படிக் கறுப்பின மக்கள் எல்லாரும் கழுதைப் பக்கம் போனார்கள் என்று. எதிரே இருந்த இரண்டு உணவுக் கடைகளைக் காட்டினார்.

"அந்த ரெண்டு கடையும் பாருங்க. போர்டு மாறல, லைட்டு மாறல. உள்ள சமைக்கிறவன் கொஞ்சம் கொஞ்சமா இடம் மாறிட்டான்னு வச்சுக்கோங்க. முதல்ல வாசனை மாறும். அப்புறம் சாப்பிட வர்றவங்க மாறுவாங்க. போர்டை மட்டும் பார்க்கிறவனுக்கு ஒண்ணும் புரியாது லா. எல்லாரும் முதலாளிதான் மாத்தினார்னு எழுதுறாங்க. நான் சமையல்காரனைத் தேடிப் போனேன்."

அவர் கண்டுபிடித்த சமையல்காரர் ஒரு கிளார்க். அமெரிக்காவின் தெற்கே ஒரு சின்ன ஊரில் வாக்காளர் பதிவு அலுவலகத்தில் இருந்தவர். சார் ஒரு வருடம் அங்கே போய் நீதிமன்றத்துப் பழைய பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தவர். பெயரைப் பதிய வரும் கறுப்பின மக்களிடம் அந்தக் கிளார்க் சட்டப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை நீட்டிப் படிக்கச் சொல்வாராம். நன்றாகப் படித்தவரையும் தப்பாகப் படித்தாய் என்று திருப்பி அனுப்புவாராம். அதே ஊர், அதே அலுவலகம், அதே பெயர்; பல வருடம் கழித்து அதே கிளார்க் கறுப்பின மக்களின் தேவாலயத்துக்கே மேசையைத் தூக்கிக்கொண்டு போய், உட்கார்ந்து பெயர் பதிகிறார். அவர்களோடு சேர்ந்து கூரை வேய்கிறார். தன் கட்சிக்காரர்களே காறித் துப்பியும் நகரவில்லை. 'மாறிய மனிதர்' என்பது அந்த அத்தியாயத்தின் தலைப்பு. மொத்தப் புத்தகமும் அந்த ஒரு மனிதர்மேல்தான் நின்றது. படித்தபோது என் கண் கலங்கிவிட்டது. மெய்ப்புப் பார்ப்பவள் கண் கலங்கினால் பிழை தப்பிவிடும், அதனால் எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தேன்.

இவ்வளவு தூரத்து ஊர்க் கதையை ஏன் எடுத்தீர்கள் என்று அவரிடம் கேட்காதவர்கள் கிடையாது. அவர் சிரித்துக்கொண்டே ஒரு கதை சொல்வார். அவர் மனைவி சீனர். கல்யாணமான புதிதில் வாடகைக்கு அறை தேடினார்களாம். போனில் மனைவி பேசினால் அறை இருக்கும். இவர் நேரில் போய் நின்றால் அறை போயிருக்கும். "ஒரு நாள்ல நாலு ரூம் என் கண்ணு முன்னாடி காணாமப் போச்சு. மந்திரவாதி தோத்தான்" என்பார். மனைவி பக்கத்திலிருந்து, "ஏய், அஞ்சு ரூம் லா, எண்ணிப் பாரு" என்று தமிழிலேயே திருத்துவார். அவர் தமிழ் எங்கள் எல்லார் தமிழையும்விடத் தெளிவு.

ஒரு கல்யாண விருந்தில் நானும் அவர்களோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் எலும்பைக் கடித்துக்கொண்டே, "என்ன இருந்தாலும் சீனப் பொண்ணுங்க நம்ம குடும்பத்துக்கு ஒத்துவராது சார்" என்றார்.

"எத்தனை குடும்பத்தில பார்த்தீங்க?"

"சும்மா பொதுவா சொல்றேன்."

"பொதுவான்னா எத்தனை?"

அதற்குள் கைகழுவப் போயிருந்த சாரின் மனைவி திரும்பி வந்து உட்கார்ந்து, "அண்ணே, உங்களுக்கு ரசம் வேணுமா?" என்றார். அந்த மனிதர் அதற்குமேல் எலும்பைக் கடிக்கவில்லை.

இந்தக் குணம் எப்போதும் அழகாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு சாவு வீட்டில், போனவர் யாரையும் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை என்று யாரோ சொல்ல, சாரின் வாய் திறப்பதை நான் பார்த்தேன். நல்ல வேளை, மனைவி காலை மிதித்துவிட்டார். இலக்கியக் கூட்டங்களில் அவர் கை தூக்கினால் மைக் வேறு திசையில் போகும். அவருக்கு அது தெரியும். கவலைப்படவும் மாட்டார். மைக் இல்லாமலே கேட்பார்.

அவர் கேள்வி கேட்காத ஒரே ஆள் அவருடைய அண்ணன். கேட்க முடியாது, ஏனென்றால் அண்ணன் அவரிடம் பேசுவதில்லை. அப்பா சீக்கிரம் போய்விட, அண்ணன்தான் அவரை வளர்த்தவர். சீருடையைத் தேய்த்துக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்த்தித் தமிழ் எழுதவும் வைத்தவர். கத்தோலிக்கக் குடும்பம். தம்பி கட்ட நினைத்த பெண்ணும் அதே வேதம், அதே கோயில். "மதம் ஒண்ணு, பூசை ஒண்ணு. இனம் மட்டும்தான் வேற. அது ஒண்ணுக்காக எங்க அண்ணன் கல்யாணத்துக்கு வரலை" என்று ஒருமுறை சொன்னார். அப்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை. ஞாயிறுதோறும் இவர்கள் ஆங்கிலப் பூசை முடிந்து படியிறங்கும்போது, அண்ணன் தமிழ்ப் பூசைக்குப் பாட்டுக் குழுவோடு படியேறுவாராம். இவர் மனைவி, "அண்ணே, தோத்திரம்" என்று சொல்வார். அண்ணன் பக்கத்திலிருக்கும் மரத்தைப் பார்த்துத் தலையாட்டுவார். இருபத்திரண்டு வருடமாக அந்த மரத்துக்கு வணக்கம் கிடைத்துக்கொண்டிருந்தது.

ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் ஏன் எழுதினார் என்பது எனக்கு முதல் பக்கத்தைப் பார்த்ததும் புரிந்தது. 'என் அண்ணனுக்கு. மனிதர்கள் மாறுவார்கள்' என்று அர்ப்பணம். அண்ணன் தமிழில்தான் படிப்பாராம். மாறிய ஒரு மனிதரை ஆதாரத்தோடு பிடித்து வந்து அண்ணன் முன்னால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். எண்பத்தேழு அடிக்குறிப்பும் அதற்குத்தான்.

கெடுத்தது நான்.

அடைவு போடுகிறவளுக்குக் கதை முக்கியமில்லை, பெயரும் பக்கமும்தான் முக்கியம். கிளார்க்கின் பெயருக்கு எதிரே பக்கங்களை எழுதிக்கொண்டே வந்தேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அவர், என் மூத்த மகனுக்குக் கல்யாணம் என்று நண்பருக்குக் கடிதம் எழுதுகிறார். நூற்று எண்பத்தெட்டாம் பக்கத்தில் தகரத்தை முதுகில் சுமந்துகொண்டு தேவாலயக் கூரைமேல் ஏறுகிறார். இடையில் எத்தனை வருடம் என்று விரல்விட்டு எண்ணினேன். அதைக் கூட்டிப் பார்த்தால், கூரைமேல் ஏறியபோது அவர் வயது எண்பதை ஒட்டி வந்தது. இன்னொன்றும் உறுத்தியது. கிளார்க்கின் பெயரோடு 'ஜூனியர்' என்று சேர்த்து ஒரு மகன் இரண்டு இடத்தில் தலைகாட்டினான். அதோடு காணோம். 'மகன் ஊரைவிட்டுப் போயிருக்க வேண்டும்' என்று சார் எழுதியிருந்தார். என் பட்டியலில் பார்த்தால், ஜூனியர் காணாமல் போன பிறகுதான் அப்பாவுக்கு இளமை திரும்பியிருந்தது.

போன் பண்ணினேன். "சார், இந்த மனுஷனுக்கு எண்பது வயசு. கூரை மேல ஏறுறார்."

"எங்க எழுதியிருக்கு?"

"உங்க புத்தகத்துலதான் சார்."

சில பேர் எண்பதிலும் திடமாக இருப்பார்கள் லா என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார். சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று நினைத்ததை மறைக்கப் போவதில்லை.

அங்கே பெட்டிகளைத் தேட உதவிய அந்த ஊர் நூலகத்துப் பெண்ணுக்கு அன்றைக்கே எழுதியிருக்கிறார். நான்கு நாளில் பதில் வந்தது, இரண்டு கல்லறைகளின் படத்தோடு. ஒரே பெயர், இரண்டு பேர். அப்பா கடைசி மூச்சுவரை மாறவில்லை. அவர் போனபின் மகன் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். கூரைமேல் ஏறியது மகன்.

மறுநாள் என் வீட்டுக்கே வந்துவிட்டார். தோற்றுப்போன முகமாக இருக்கும் என்று நினைத்தேன். துப்புத் துலக்கியவர் மாதிரி பளிச்சென்று இருந்தார்.

"அவங்க ஊர் வழக்கம் என்னன்னா, அப்பா செத்ததும் மகன் பேர்ல இருந்து ஜூனியரை எடுத்துடுவாங்களாம். அதுக்கப்புறம் அப்பா பேரும் மகன் பேரும் அச்சு அசல் ஒண்ணு. எனக்கு எப்படித் தோணும் சொல்லுங்க? எங்கப்பா போய் அம்பது வருஷமாச்சு, அவர் இனிஷியல் இன்னும் என் பேருக்கு முன்னாடி நடந்து போகுது. நமக்கு அப்பா போனாலும் எழுத்து போகாது. இந்தத் தப்பைப் பண்ண ஒரு தமிழன்தான் வரணும்."

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணன்கிட்ட காட்ட ஒரே ஒரு ஆள் வச்சிருந்தேன். அவரும் ரெண்டு பேராயிட்டார்" என்றார்.

பதிப்பாளர் குதித்தார். அட்டை அச்சாகிவிட்டது, வெளியீட்டுக்கு அழைப்பும் போய்விட்டது. "யாரு சார் அமெரிக்கா போய்க் கல்லறையைப் பார்க்கப் போறா? விட்டுடுங்க" என்றார். நியாயமான யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. சார் அசையவில்லை. "உங்களுக்கு எங்க அண்ணனைத் தெரியாது" என்றார். வெளியீட்டைத் தள்ளிப்போட்டு அந்த அத்தியாயத்தை முழுக்கத் திருப்பி எழுதினார். தலைப்பு 'அப்பாவும் மகனும்' ஆனது. முதலில் தான் எப்படி ஏமாந்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதி, கண்டுபிடித்தது யார் என்று என் பெயரையும் போட்டார். மனிதர்கள் மாறியதால் அல்ல, பல இடங்களில் அப்பாக்கள் போய் மகன்கள் வந்ததால்தான் கட்சி புரண்டது என்று முடித்தார். முன்னதைவிட அது நல்ல அத்தியாயம். என் கண் மட்டும் இந்த முறை கலங்கவில்லை.

அச்சுக்குப் போகிற அன்று கேட்டேன். "சார், முதல் பக்கம்? மனிதர்கள் மாறுவார்கள்னு போட்டிருக்கீங்களே. இப்ப அதுக்கு ஆதாரம் இல்லையே."

"இல்லதான்."

"எடுத்துடட்டுமா?"

"வேணாம். இருக்கட்டும்."

"எங்க சார் எழுதியிருக்கு?" என்று அவர் கேள்வியை அவரிடமே கேட்டேன். எத்தனை நாள் காத்திருந்தேன்!

"எங்கயும் இல்ல. நான்தான் எழுதுறேன்" என்றார். அந்தப் புத்தகத்தில் அடிக்குறிப்பு இல்லாத உறுதியான வரி அது ஒன்றுதான்.

வெளியீட்டுக்கு அண்ணன் வரவில்லை. முன்வரிசையில் ஓரமாக ஒரு நாற்காலியைச் சாரின் மனைவி கைப்பையை வைத்துப் பிடித்து வைத்திருந்தார். கடைசிவரை கைப்பைதான் உட்கார்ந்திருந்தது. மறுநாள் ஒரு பிரதியைக் கேலாங்கில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குத் தபாலில் அனுப்பினார்கள்.

ஒரு மாதம் இருக்கும். காலையில் எனக்கு ஒரு போன். கணீரென்ற குரல்.

"அடைவு போட்ட அம்மா நீங்கதானா? பதிப்பாளர்கிட்ட நம்பர் வாங்கினேன். நான் அவனோட அண்ணன்."

உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றுவிட்டேன்.

"அந்த நூலகத்துப் பொண்ணு வர்றது தொண்ணூத்தி ரெண்டாம் பக்கம். நீங்க தொண்ணூத்தி மூணுன்னு போட்டிருக்கீங்க."

ஓடிப்போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். அவர் சொன்னதுதான் சரி. இவ்வளவு பேர் படித்ததில் அடைவைச் சரிபார்த்த ஒரே வாசகர்!

"முதல் பக்கத்துல ஒண்ணு போட்டிருக்கான்" என்றார். "மாறுவாங்கன்னு. எங்க எழுதியிருக்கு?"

அந்தக் கேள்வி எந்த வீட்டில் பிறந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அதுக்கு அடிக்குறிப்பு இல்லைங்க."

"தேடிப் பார்த்தேன், இல்ல. ஏன் இல்ல?"

"ஆதாரம் கிடைக்கலைங்க. கிடைக்கலைன்னு தெரிஞ்சுதான் எடுக்க வேணாம்னு சொல்லிட்டார்."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "அந்த கிளார்க் அப்பன் கடைசிவரைக்கும் மாறவே இல்லையா?"

"இல்லைங்க."

"மகன்கிட்ட அதைப் பத்தி ஏதாவது பேசினானா?"

"பேசினதா ஒரு கடுதாசிகூடக் கிடைக்கலையாம்."

வைத்துவிட்டாரோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். வைக்கவில்லை.

"அவன் இப்ப எந்த புளோக்ல இருக்கான்?"

கூடப் பிறந்த தம்பி குடியிருக்கும் அடுக்குமாடியின் எண்ணை என்னிடம் கேட்கிறார். சொன்னேன்.

"யூனிட் நம்பர்?"

அதையும் சொன்னேன்.

"இருங்க, இருங்க. பேனா எடுக்கல" என்றார். இன்னொருமுறை நிதானமாகச் சொன்னேன். "எழுதிக்கிட்டேன்மா" என்று வைத்துவிட்டார்.

இதை நான் சாரிடம் சொல்லவில்லை. ஆதாரமில்லாமல் அவரிடம் எதையும் சொல்லும் தைரியம் எனக்குக் கிடையாது. அடுத்த ஞாயிறு மதியம் அவரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'அண்ணன் வந்தார். இரண்டு மணி நேரம் இருந்தார். பதினொரு பிழை சொன்னார்.'

விடுவேனா? 'எங்க எழுதியிருக்கு?' என்று அனுப்பினேன்.

பதிலுக்கு ஒரு படம் வந்தது. அவர் வீட்டுச் சமையலறையின் பாத்திரம் கழுவும் தொட்டி. அதில் கழுவாத காப்பிக் கோப்பைகள் மூன்று. படத்தின் ஓரத்தில், கழுவ நீண்ட மனைவியின் கையை அவருடைய கை பிடித்துக்கொண்டிருந்தது.